கடைசி நாள் கணக்கு: விடுதி அறையைக் காலி செய்வதிலிருந்து வீட்டுக் கதவு திறக்கும்வரை

உப்புக்காற்று:
ஜூன் பள்ளி விடுமுறைக்கு சிங்கப்பூரில் ஆளாளுக்கு இந்தோனேசியத் தீவு பிந்தான், மலேசியக் கடற்கரை தேசாரு என்று பதிவு செய்ய ஆரம்பித்தாயிற்று. எந்த விடுதி, எந்த அறை, எந்தப் பக்கம் கடல் தெரியும் என்றெல்லாம் இங்கே இழை இழையாகக் கிடக்கிறது. திரும்பி வருகிற நாளைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. சண்டை, அவசரம், ஈரத்துணி, மறந்த சார்ஜர் எல்லாம் அந்த ஒரு நாளில்தான் வந்து குவிகின்றன.

ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துப் பேசலாம். வெள்ளி இரவு 8 மணிப் படகில் சிங்கப்பூரின் தானா மேரா முனையத்திலிருந்து பிந்தானின் லகோய்க்குப் போகிறார்கள். ஞாயிறு மாலை 5 மணிப் படகில் திரும்புகிறார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி. ஞாயிறு காலை கடலில் இறங்கலாமா, கூடாதா? அங்கிருந்து தொடங்குங்கள். சொந்தக் கதை வேண்டாம், வேலைக்கு ஆகிற விவரம் மட்டும்.

பிடோக்வாசி:
இறங்கக் கூடாது. கடைசிக் குளியலைச் சனிக்கிழமை மாலையோடு முடித்துக்கொள்ள வேண்டும். 12 மணிக்கு அறையைக் காலி செய்யவேண்டிய நாளில் 10 மணிக்குக் கடலிலிருந்து வந்தால், ஆறு பேர் ஒரு குளியலறைக்கு வரிசை. ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம் போய்விடும். அதற்குமேல் ஆறு ஈர உடை, ஆறு ஈரச் செருப்பு, பெட்டியெல்லாம் மணல்.

மணல்வீடு:
பிடோக்வாசி அண்ணே, அப்படியென்றால் ஞாயிறு முழுக்க வரவேற்பறை சோபாவில் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அறைதான் 12 மணிக்குப் போகிறது, நீச்சல்குளம் போவதில்லை. பெரும்பாலான கடற்கரை விடுதிகளில் அறையைக் காலி செய்த பிறகும் குளத்தையும் அங்குள்ள குளியலறையையும் பயன்படுத்தலாம். முதல் நாளே முகப்பில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குளத்துத் துண்டு வாங்கும் அட்டையை எப்போது திருப்பித் தர வேண்டும் என்பதையும் கேளுங்கள். சில இடங்களில் அறையை ஒப்படைக்கும்போதே அட்டையையும் வாங்கிவிடுவார்கள். பிறகு துண்டு கிடைக்காது.

வரிசையை மாற்றினால் போதும். பெட்டிகளைச் சனி மாலை 4 மணிக்கே கட்டிவிடுங்கள், வெயில் உச்சியில் எப்படியும் அறைக்குள்தானே இருக்கிறீர்கள். வெளியே வைப்பது ஆளுக்கு ஒரு செட் பயண உடை, ஒரு நீச்சல் உடை, பல்துலக்கி, மருந்து, கடவுச்சீட்டு. ஞாயிறு காலை 7 மணிக்குக் கடல், 8க்குக் குளியல், 9க்குச் சிற்றுண்டி, 10.30க்குப் பெட்டியை முகப்பில் ஒப்படைப்பது. சிற்றுண்டிக் கூடத்தில் 9 மணிக்குக் கூட்டம் இருக்கும். ஆனால் காலைக் கடலை விட்டுக்கொடுத்து முட்டை வரிசையில் முதல் ஆளாக நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

முந்தின நாளே நீர் ஏற்ற இறக்க அட்டவணையையும் பார்த்து வையுங்கள். நீர் வற்றிய வேளையாக இருந்தால் காலடியில் கல்லும் பவளத்துண்டும்தான். பாட்டியை அப்போது இறக்க வேண்டாம். டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம்வரை வடகிழக்குப் பருவக்காற்று, லகோய் இருக்கும் வடகரை நேரே அதற்கு முகம் கொடுத்து நிற்கிறது. சிவப்புக்கொடி பறந்தால் பேச்சே வேண்டாம், குளம்தான்.

கடிகாரம்:
எல்லாரும் மணியைப் பேசுகிறீர்கள், யார் மணி என்று ஒருவரும் சொல்லவில்லை. பிந்தானும் பக்கத்துத் தீவான பாத்தாமும் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். பயணச்சீட்டில் அச்சாகியிருப்பது புறப்படும் இடத்து நேரம். லகோயில் 5 மணிக்கு ஏறினால் ஓடுவது ஏறக்குறைய ஒரு மணி நேரம், தானா மேராவில் இறங்கும்போது சிங்கப்பூர் மணி 7. வாடகைக்காருக்கோ இரவு உணவுக்கோ முன்பதிவு செய்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

இதைவிட மோசமானது கைப்பேசி. வடகரையில் சில இடங்களில் அது சிங்கப்பூர் அல்லது மலேசிய அலையைப் பிடித்துக்கொள்ளும், மணி தானாக ஒரு மணி நேரம் முன்னே தாவும். கொஞ்சம் நடந்தால் மறுபடி பின்னே வரும். கைப்பேசி காட்டுவது சிங்கப்பூர் நேரம் என்று நினைத்து மனத்துக்குள் ஒரு மணி நேரத்தைக் கழிப்பவர்கள்தான் படகைத் தவறவிடுகிறார்கள். அது ஏற்கெனவே உள்ளூர் நேரத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். இறங்கியதுமே தானியங்கி நேர மண்டலத்தை அணைத்து ஜகார்த்தா என்று கையால் வைத்துவிடுங்கள். வீட்டில் ஒருவர் கையிலாவது முள் வைத்த கைக்கடிகாரம் இருந்தால் நல்லது.

தேசாருவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மலேசியாவும் நம் நேரம்தான்.

பின்கணக்கு எப்போதும் உள்ளூர் நேரத்தில் போடுங்கள். படகு 5. முனையத்தில் 4 மணிக்கு நிற்க வேண்டும். விடுதி வண்டி முனையம் சேர 15, 20 நிமிடம். வண்டி நினைத்த நேரத்துக்குப் புறப்படாது, அதற்கு அட்டவணை உண்டு. ஆகவே 3.15 அல்லது 3.30 வண்டி. குளத்திலிருந்து ஏறவேண்டியது 2.15க்கு. வெள்ளிக்கிழமை திரும்புபவர்கள் நண்பகல் தொழுகை நேரத்தில் ஊழியர் குறைவாக இருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாவடி:
பெரியவர்களுக்கும் குடிநுழைவுக்கும் சில குறிப்புகள்.

சிங்கப்பூருக்குக் கடல்வழி திரும்பும் எல்லாருக்கும் எஸ்ஜி வருகை அட்டை (குடிநுழைவு ஆணையத்துக்கு இணையத்தில் கொடுக்கும் படிவம்) வேண்டும், சிங்கப்பூர்க் குடிமக்கள் உட்பட. தரைவழிச் சோதனைச்சாவடியில் வரும் குடிமக்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால அனுமதி வைத்திருப்போருக்கு மட்டும்தான் விலக்கு. தேசாருவுக்குக் காரில் போய்ப் பழகியவர்கள் படகில் வரும்போது மறப்பது இதைத்தான். வந்துசேரும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் சமர்ப்பிக்கலாம். ஞாயிறு திரும்புபவர்கள் வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே முடித்துவிடலாம், முனையத்தில் அலை தேட வேண்டாம். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது ஆணையத்தின் தளம் அல்ல.

தாத்தா பாட்டி இந்தியக் கடவுச்சீட்டு என்றால், அவர்களின் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று படகுச்சீட்டு வாங்குமுன் பாருங்கள். ஒருமுறை நுழைவு என்றால் பிந்தானுக்குப் போனதோடு அது தீர்ந்தது. இந்தோனேசிய விசா வேறு கணக்கு, அதை இதோடு குழப்ப வேண்டாம். திரும்பும்போது அவர்களுக்கும் புதிதாக ஒரு வருகை அட்டை வேண்டும். சாங்கியில் இறங்கியபோது நிரப்பியது செல்லாது.

கடவுச்சீட்டைப் பெட்டகத்தில் வைக்கும் வீட்டில், மறுநாள் போடவேண்டிய செருப்பில் ஒன்றையும் அதே பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். ஒற்றைச் செருப்போடு யாரும் படகு ஏறப்போவதில்லை.

கணக்குப்பிள்ளை:
48 மணி நேர விதியை யாரும் தொடவில்லையே. மேலே சொன்ன குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு 8க்குக் கிளம்பி ஞாயிறு இரவு 7க்கு வந்தால் 47 மணி நேரம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் மாறுகிறது.

48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் ஒருவருக்கு 500 சிங்கப்பூர் வெள்ளி மதிப்புள்ள பொருள்வரை பொருள் சேவை வரி இல்லை. அதற்குக் குறைந்தால் 100 வெள்ளிதான். 180 வெள்ளிக்கு மரச்சிற்பமோ ஸ்பா எண்ணெயோ வாங்கியிருந்தால் மிச்சம் 80க்கு 9 விழுக்காடு, அதாவது 7 வெள்ளி 20 காசு. பெரிய தொகை இல்லை. சொல்லாமல், அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடந்து மாட்டிக்கொள்வதுதான் பெரிது. சுங்கத்துறையின் இணையச் சேவையில் படகு ஏறுமுன்பே கட்டிவிடலாம். வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி, நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை அறவே கிடையாது. கூட வரும் இல்லப் பணிப்பெண்ணின் பையில் பொருளைப் பிரித்து வைப்பது அதனால் பலிக்காது.

மதுவுக்கும் அதே 48 மணி நேரம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வரக்கூடாது. மொத்தம் 2 லிட்டர், அதில் விஸ்கி, ரம் வகையறா 1 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆக 47 மணி நேரக் குடும்பத்துக்கும் தேசாரு குடும்பத்துக்கும் வரியில்லா மது பூஜ்யம். சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் சலுகை இல்லை, திறந்த பாக்கெட்டாக இருந்தாலும் சுங்கத்தில் அறிவிக்கும் சிவப்பு வழிதான். மின்சிகரெட் கொண்டுவரவே கூடாது. சூயிங்கமும் அப்படியே, பிள்ளைகளின் சட்டைப்பையைப் பாருங்கள்.

சிப்பி, பவளம் பொறுக்கும் பழக்கத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கல்பவளத்துக்கு அனைத்துலக உயிரின வணிக உடன்பாட்டின்கீழ் அனுமதி வேண்டும். கரையில் செத்துக் கிடந்தது என்ற விளக்கம் எடுபடாது.

இனி விடுதிக் கணக்கு. கிளம்புவதற்கு முந்தின இரவே இடைக்காலப் பில் கேளுங்கள். காலையில் முகப்பில் எல்லாரும் ஒன்றாக நிற்கும்போது வரி வரியாகப் படிக்க முடியாது. பார்க்க வேண்டியவை: வேறு அறையின் உணவுச் சீட்டு உங்கள் எண்ணில் ஏறியிருக்கிறதா, அறைக் குளிர்பெட்டியில் நீங்கள் தொடாத பானத்துக்குக் காசு போட்டிருக்கிறார்களா, பிள்ளைகளின் சிற்றுண்டிக்குத் தனியாகப் போட்டிருக்கிறார்களா. அட்டை தேய்க்கும்போது சிங்கப்பூர் வெள்ளியா ரூப்பியாவா என்று இயந்திரம் கேட்கும். ரூப்பியா என்று சொல்லுங்கள். வெள்ளியில் கட்டினால் மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது கடைக்காரரின் வங்கி, அதில் அவர்கள் லாபம் சேர்ந்திருக்கும்.

முன்பணமாகப் பிடித்துவைத்த தொகை உடனே விடுபடாது. இறுதிக் கட்டணம் தனியாக ஏறி, பிடித்துவைத்ததும் சில நாள் அப்படியே நிற்கும்போது இரண்டு முறை கழித்துவிட்டார்கள் என்று பதறுகிறார்கள். அதனால் முன்பணத்துக்குக் கடன் அட்டைதான் சரி. டெபிட் அட்டையில் சொந்தக் காசே முடங்கிக் கிடக்கும்.

எங்கும் போகாமல் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவிலேயே தங்குபவர்களுக்கு ஒரு வரி: விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன்மேல் 9 விழுக்காடு வரி. கூட்டினால் 19.9 விழுக்காடு.

தேக்கா_அக்கா:
மீதி ரூப்பியாவைப் பற்றி. சில்லறை நாணயத்தை இங்கே எந்தப் பணமாற்றுக்காரரும் தொடமாட்டார். கசங்கிய சிறுநோட்டுக்கும் நல்ல விலை வராது. அறையைச் சுத்தம் செய்தவருக்கும் பெட்டி தூக்கியவருக்கும் கொடுத்துவிடுவதுதான் அழகு. தலையணைமேல் வையுங்கள், மேசையில் வைத்தால் மறந்துபோன காசு என்று எடுத்து ஒப்படைத்துவிடுவார்கள். கடைசி நாளுக்கென்று புதிதாக நோட்டு மாற்றவும் வேண்டாம். 2023 நவம்பர் முதல் நம்மூர் பெரிய வங்கிச் செயலிகளில் இந்தோனேசியாவின் கியூரிஸ் குறியீட்டை வருடியே கட்டலாம், இளநீர்க்கடைகூட வைத்திருக்கும்.

சைவக்காரர்கள் படகுக்கு முன் சாப்பிடும் கடைசிச் சாப்பாட்டில் கவனம். நாசி கோரெங்கில் இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும் சம்பலில் தெராசி இருக்கும், இறாலைப் புளிக்கவைத்த விழுது. ‘தன்பா தெராசி, தன்பா உடாங்’ (தெராசி இல்லாமல், இறால் இல்லாமல்) என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். காய்கறிக் கலவையான காடோ காடோவின் கடலைக் குழம்பிலும் சில சமையலறைகளில் போடுவார்கள். மேலே குத்திவைத்த அப்பளம் பெரும்பாலும் இறால் அப்பளம்.

படகோட்டம்:
குமட்டல் வருபவர்கள் வெறும் வயிற்றில் ஏறுவதும் தவறு, எண்ணெய்ப் பண்டம் முட்ட ஏறுவதும் தவறு. ரொட்டியோ சோறோ கொஞ்சம், ஒரு மணி நேரம் முன்னால். டைமென்ஹைட்ரினேட் மாத்திரை ஏறுவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன் போட வேண்டும். ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் தூக்கம் மட்டும்தான் மிச்சம். பிள்ளைகளுக்கும், வேறு மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்கும் மருந்தாளரைக் கேட்டு அளவு வாங்குங்கள். கீழ்த்தளம், நடுவிலிருந்து பின்புறம், அங்கே ஆட்டம் குறைவு. முன்வரிசையில்தான் படகு தூக்கி அடிக்கும். கண் தொடுவானத்தில் இருக்க வேண்டும், கைப்பேசியில் அல்ல.

ஸ்கூபா இறங்கியவர்களுக்குப் படகால் கெடுதல் இல்லை. மறுநாள் சென்னைக்கு விமானம் ஏறுபவர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பலமுறை மூழ்கியிருந்தால் கடைசி மூழ்கலுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம்.

மணல்வீடு:
ஈரத்துணி பாக்கி. அதை ஒழுங்காகச் செய்தால் பிடோக்வாசி அண்ணனின் ஆட்சேபம் பாதி போய்விடும்.

கடல் தண்ணீரில் ஊறிய துணி காயாமல் இருப்பதற்குக் காரணம் உப்பு. கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கொடியில் நாள் முழுக்கப் போட்டாலும் தொட்டால் பிசுபிசுக்கும். ஆகவே முதல் வேலை நல்ல தண்ணீரில் அலசுவது. குளிர்ந்த குழாய்நீரில் இரண்டு நிமிடம், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றி. குளத்துத் தண்ணீர் பட்டதற்கும் இதேதான், நீச்சல் உடை இழுபட்டுக் கொடுக்க உதவும் எலாஸ்டேன் இழையைக் குளோரின் தின்றுவிடும். முறுக்கிப் பிழியாதீர்கள். விடுதிப் பெருந்துண்டை விரித்து, நீச்சல் உடையை அதன்மேல் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, சுருளின்மேல் முழங்காலை ஊன்றி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகருங்கள். பிரித்துப் பார்த்தால் துண்டு கனத்திருக்கும், உடை வெறும் சில்லென்று இருக்கும்.

பிறகு மாடத்தில் போடாதீர்கள். இரவில் கடற்காற்று ஈரக்காற்று, உப்பும் சேர்ந்து வரும். குளிரூட்டி ஓடும் அறைக்குள், காற்று வரும் வாய்க்குக் கீழே நாற்காலி முதுகில் போடுங்கள். குளிரூட்டி ஈரத்தை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது, விடிவதற்குள் காய்ந்துவிடும். அறையைவிட்டு வெளியேறும்போது சாவி அட்டையை உருவினால் மின்சாரம் நின்றுபோகும் என்பதை நினைவில் வையுங்கள். ஞாயிறு காலை நனைந்ததற்கு இத்தனை நேரம் கிடையாது. துண்டில் சுருட்டிப் பிழிந்ததோடு வலைப்பையில் போட்டுக் கைப்பையில் வெளிப்புறமாக வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி மறந்தால் மறுநாள் ஈரவாடை ஏறிவிடும்.

மணலை ஈரமாக இருக்கும்போது தட்டாதீர்கள், தேய்க்கத் தேய்க்க ஒட்டும். காய்ந்தபின் உதறினால் தானே விழும். கால் விரலிடுக்கில் குழந்தைப் பவுடர் தூவித் துடைத்தால் வழித்தெடுத்தாற்போல் போகும். பெட்டிச் சக்கரத்தைப் பழைய பல்துலக்கியால் உலர்வாகத் துலக்குங்கள். கிரீச்சிடுகிறதே என்று எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் மணல் குழைந்து சக்கரத்தையே அரைத்துவிடும்.

பிடோக்வாசி:
சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பெட்டி கட்டினால், விடுமுறை அப்போதே முடிந்த மாதிரி ஆகிவிடுகிறதே. பிள்ளைகள் முகம் தொங்கிப்போகும். இதற்குப் பதில் இல்லை உங்களிடம்.

உப்புக்காற்று:
இது நல்ல கேள்வி. உளவியலாளர் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 1993ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. 14 பாகை குளிர்நீரில் 60 விநாடி கையை வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடி, கூடவே 30 விநாடி, அந்தக் கடைசிப் பகுதியில் தண்ணீர் மெல்ல 15 பாகைக்கு ஏறும். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் நீண்டதைத் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு எப்படி இருந்தது என்பதுதான் நினைவில் அதிகம் நிற்கிறது. அதை வைத்துப் பார்த்தால் ஞாயிறு காலைக் கடலுக்காகச் சனி மாலையில் ஒரு மணி நேரம் முகம் தொங்குவது நட்டமில்லை.

கணக்குப்பிள்ளை:
குளிர்நீரில் கை விட்டதை அப்படியே லகோய்க்குக் கொண்டுவருவது கொஞ்சம் நீளம்தான். ஆனால் முகம் தொங்குவதற்கு வழி உண்டு: பெரியவர்கள் பெட்டி கட்டட்டும், பிள்ளைகள் அந்நேரம் குளத்தில் இருக்கட்டும். ஒருவர் கட்டுகிறார், ஒருவர் குளத்தோரம் கண்காணிக்கிறார்.

ஈசூன்_கார்க்காரர்:
தேசாருவிலிருந்து காரில் வருபவர்களுக்குச் சுருக்கமாக. ஞாயிறு மாலை 4 முதல் 9 வரை சிங்கப்பூருக்கு வரும் இரு பாலத்திலும் நெரிசல். நண்பகலில் கிளம்புங்கள், அல்லது அங்கேயே இரவு உணவை முடித்துவிட்டு வாருங்கள், நடுவில் கிளம்பினால் நடுவில்தான் நிற்பீர்கள். சிங்கப்பூர்ப் பதிவு வண்டிக்கு மலேசியாவில் ரோன் 95 பெட்ரோல் போடக்கூடாது, 97தான். சாலைக் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டையில் மீதியை விடுதியிலேயே பாருங்கள். உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடி இரண்டிலும் குடிநுழைவுக்குக் குடும்பத்துக்கு ஒரே கியூஆர் குறியீடு போதும், 10 பேர்வரை. முந்தின இரவே உருவாக்கிச் சேமித்து வையுங்கள், வரிசையில் நின்று கடவுச்சீட்டு எண் தட்டாதீர்கள். விடுதியில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, பில்லில் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

தேக்கா_அக்கா:
வீட்டுக்குள் நுழைந்ததும் சாக்கடை வாடை அடித்தால் பயப்படாதீர்கள். நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் குளியலறைத் தரைக்குழியின் நீர் வற்றியிருக்கும். அந்த நீர்தான் குழாய்க்காற்றைத் தடுப்பது. ஒவ்வொரு குழியிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிச் சன்னலைத் திறந்தால் சரியாகிவிடும். பூந்தொட்டித் தட்டு, வாளி, துணிக்கொம்பு செருகும் குழாய் எல்லாவற்றிலும் தேங்கிய நீரைக் கொட்டுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்.

மணல்வீடு அக்காவிடம் ஒரு கேள்வி. வெள்ளைச் சட்டைக் காலரில் துவைத்த பிறகு ஆரஞ்சு நிறக் கறை வருகிறதே, அது என்ன?

மணல்வீடு:
சூரியக்காப்புக் களிம்பு. அதில் அவோபென்சோன் என்ற வேதிப்பொருள் இருந்தால், தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்து துருநிறம் ஏறும். குளோரின் வெளுப்பான் ஊற்றாதீர்கள், கறை இன்னும் அழுத்தமாகும். துவைக்குமுன் காலரில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து 15 நிமிடம் விட்டால் களிம்பு கழன்றுவிடும். ஏற்கெனவே ஏறிய கறைக்கு எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ போட்டு ஊறவைத்து அலசுங்கள். போகாவிட்டால் துருக்கறை நீக்கி வாங்க வேண்டும். கறை முழுதாகப் போகும்வரை உலர்த்தும் இயந்திரத்தில் போடாதீர்கள், சூட்டில் அது இறுகிவிடும்.